கஸ்பார் சாரும் மொட்டை மனுவும்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பால்காரர் படியைக் கவிழ்க்கும் விதத்தைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன் என்று என் மனைவி கேலி செய்வாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, சாயங்கால மணியை பியூன் ஐந்து நிமிடம் முன்னால் அடிக்கிறார் என்று கண்டுபிடித்து ஹெட்மாஸ்டரிடம் சொன்னவன் நான். பியூன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், மணி மட்டும் சரியாக அடித்தது. இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் இன்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுத முடியும். அவர் கஸ்பார் சார். அந்த நிலைக்கு வந்து சேர எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

கஸ்பார் சார் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியார். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போக வேண்டிய ஊர். பாதி வீடுகளில் கன்னடம் பேசுவார்கள், பாதி வீடுகளில் தமிழ். இங்கிலீஷ் என்பது பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் இருந்த சங்கதி, அதுவும் கஸ்பார் சார் வாயில் மட்டும். அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த வகுப்புக்கு ஜூன் மாதம் முதல் வாரமே அவர் ஒரு நோட்டு போடச் சொல்வார். நோட்டை விரித்தால் இடது பக்கம் 'உள்ளே', வலது பக்கம் 'வெளியே'. ஒரு காரியத்தில் சம்பந்தப்பட்டிருப்பதைச் சொல்லும் இங்கிலீஷ் மரபுத்தொடர்கள் இருபது இடப்பக்கம். சம்பந்தப்படாமல் இருப்பதைச் சொல்லும் தொடர்கள் இருபது வலப்பக்கம். மொத்தம் நாற்பது. வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்ய வேண்டும். "பதினாலு?" என்று அவர் விரலை நீட்டினால் பதினாலாவது தொடரைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் மறுபடி முதலிலிருந்து.

பரீட்சையில் இதிலிருந்து இரண்டு மார்க்குக்குத்தான் கேள்வி வரும். அந்த இரண்டு மார்க்குக்கு ஏன் இவ்வளவு பாடு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் விளக்கம் சொல்லும்போது மட்டும் வகுப்பு களைகட்டும். 'ஃபிங்கர் இன் எவ்ரி பை' இரண்டாவது. பை என்றால் என்ன பண்டம் என்று யாருக்குத் தெரியும்? "ஊருல எல்லார் வூட்டு ஒப்பட்டுலயும் போய் வெரல வெக்கிறவன்" என்பார். எங்கள் பக்கம் போளிக்கு ஒப்பட்டு என்று பெயர். பண்டிகைக்கு அதைத் தட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. வலப்பக்கத்தில் 'சிட் ஆன் தி ஃபென்ஸ்'. எந்தப் பக்கமும் சேராமல் வேலிமேல் உட்கார்ந்திருப்பது. எங்கள் ஊரில் வேலி என்றால் கள்ளியும் முள்ளும்தான். "வேலி மேல எப்பிடிங்க சார் உக்கார்றது?" என்று நான்தான் எழுந்து கேட்டேன். "அது வெள்ளக்காரன் வேலிடா, மரத்துல கட்டுனது. நீ உக்காரு" என்றார்.

அவரே வலப்பக்கத்து மனிதர்தான். அறுபத்தைந்து ஜனவரியில் பையன்கள் எல்லாம் இந்தி வேண்டாம் என்று வகுப்பை விட்டு வெளியே போனார்கள். நான் அப்போது பயிற்சிப் பள்ளியில் இருந்தேன், ஊருக்கு வந்தபோது கதை கதையாகச் சொன்னார்கள். வாத்தியார்களில் சிலர் கேட் வரைக்கும் கூடவே போனார்களாம், சிலர் போனவர்களின் பெயர்களைக் குறித்து ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தார்களாம். கஸ்பார் சார் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று கரும்பலகை நிறைய எழுதி, மணி அடித்ததும் அழித்துவிட்டுப் போனாராம். ஆசிரியர் சங்கத்தில் சேரக் கூப்பிட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பார். மாதா கோயில் திருவிழாக் கமிட்டிக்கு அவர் சாதிசனத்தார் வந்து கேட்டபோது வரியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டுத் திருவிழா அன்று கடைசி வரிசையில் நின்றார்.

அவர் மனைவி மதலேனம்மாள் வாய்த்துடுக்கு. "எங்க வூட்டுக்காரரு எந்த வம்புக்கும் போவ மாட்டாருங்க. வம்பு கதவத் தட்டுச்சுன்னா, வூட்டுல ஆளில்லன்னு இவரே உள்ள இருந்து சொல்லுவாரு" என்பார். சார் தினசரிப் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

நான் அறுபத்தேழில் அதே பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போனேன். முதல் நாளிலிருந்து அவர் என்னை "நீங்க, பச்சியப்பன் சார்" என்றார். மூன்று வருடத்துக்கு முன் "டேய், நீ உக்காரு" என்றவர். மரியாதைதான், ஆனாலும் எனக்குச் சந்தேகம். எதிலும் ஒட்டாமல் இருக்கிற மனிதர் எதையோ மறைக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். மூடிய பானைக்குள் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நான்.

எழுபத்தொன்றில் அந்த மனு வந்தது.

அப்போது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் கோதுமை ரவை, பால் பவுடர், எண்ணெய் டின். கொஞ்ச காலமாகவே உப்புமாவில் எண்ணெய் வாசனை இல்லை, பால் வெறும் வெள்ளைத் தண்ணீராக இருந்தது. டின்கள் பாப்பாரப்பட்டிச் சந்தையில் விலைபோகின்றன என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் மாரப்பன்தான் ஸ்டோர் சாவியை வைத்திருந்தார். அவர் முன்னால் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பியூனின் ஐந்து நிமிடத்தைப் போய்ச் சொன்ன வாய்க்கு டின்னைப் பற்றிச் சொல்லத் தைரியம் இல்லை.

யாரோ தருமபுரிக்கு, மேலதிகாரிக்கு, ஒரு மொட்டை மனு போட்டுவிட்டார்கள். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. யார் கை என்று தெரியாதபடி எல்லாம் கேப்பிட்டல் எழுத்தில், முழுக்க இங்கிலீஷில் இரண்டு பக்கம். ஹெட்மாஸ்டருக்கு இந்தக் களவில் ஒரு கை உண்டு, ஒவ்வொரு ஒப்பட்டிலும் அவருக்கு ஒரு விரல் உண்டு, சந்தை வியாபாரியும் அவரும் கையும் கையுறையுமாக இருக்கிறார்கள், கழுத்தளவு மூழ்கியிருக்கிறார்கள் என்று போகிறது மனு. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மரபுத்தொடர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பன்னிரண்டு வரைக்கும் கஸ்பார் சார் நோட்டின் இடப்பக்கம், வரிசை மாறாமல். எங்கள் பள்ளியில் படித்தவனுக்கு இரண்டாவதைச் சொன்னால் மூன்றாவது தானாக நாக்கில் வந்து நிற்கும். வரிசையைக் கலைத்து எழுதத் தெரியாது. மனு எழுதிய ஆளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

மனுவின் நகல் விளக்கம் கேட்டு ஹெட்மாஸ்டருக்கே திரும்பி வந்தது. ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மதியம் கஸ்பார் சார் டிபன் பாக்ஸைத் திறந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். இன்னொருவர் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. நானும் மோர்ச்சோற்றைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தேன்.

அவர்தான் எழுதினார் என்பதில் எனக்கு அணுவளவும் ஐயம் இல்லை. இருபது வருடம் வேலிமேல் உட்கார்ந்திருந்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கம் குதித்துவிட்டு, காலையில் வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. சொல்ல வேண்டியதைப் பெயர் போட்டுச் சொல்லக் கூடாதா என்று.

மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பச்சியப்பன், நீ அந்தாளுகிட்ட படிச்சவன்தானே?"

"ஆமாங்க சார்."

"இந்த வரிசை அந்தாளு நோட்டு வரிசைதானே? உன்னக் கதை கட்டச் சொல்லல. தெரிஞ்சத எழுதிக் குடு."

நான் யோசித்தேன். அவர் மேசையின் மேலிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். "நீயும் இங்கிலீசு நல்லா எழுதுவேன்னு பேரு. விசாரணைக்கு ஆபீசர் வந்தா முதல்ல யாரக் கூப்பிடுவாருன்னு நெனச்சுப் பாரு."

எழுதிக் கொடுத்தேன். 'மனுவில் காணப்படும் ஆங்கில மரபுத்தொடர்கள் அனைத்தும் திரு. கஸ்பார் அவர்கள் வகுப்பில் கற்பிக்கும் அதே வரிசையில் உள்ளன என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. அரசு ஊழியர் மொட்டை மனு போடுவது விதிக்கு விரோதம், வேலையே போகலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். கஸ்பார் சாருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சொந்த வீடு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. நிலம் நீச்சு எல்லாம் அண்ணன் தம்பிகளோடு போய்விட்டது. அந்த வேலையை விட்டால் அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு வேறு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபின் அவர் என் வகுப்புக்கு வந்தார். கையில், விளக்கம் கேட்டு ஹெட்மாஸ்டர் அவருக்குக் கொடுத்திருந்த மனுவின் நகல். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மனு முழுக்கச் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருந்தார். ஓரத்தில் மார்க் மட்டும்தான் போடவில்லை.

"ரெண்டு எடத்துல டென்ஸ் தப்பு. ஒரு ஸ்பெல்லிங். மத்தபடி பரவால்ல" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு ஆறாவது வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். "'இன் லீக் வித்'. கூட்டு சேந்துக்கிட்டுன்னு அர்த்தம். இத நான் நோட்டுல சேத்தது அறுபத்திமூணு ஜூன்ல. அதுக்கு முந்தி படிச்ச யாருக்கும் இது இல்ல." விரல் கீழே இறங்கியது. "பதினொண்ணாவது 'நீ டீப்'. முழங்கால் ஆழம். கழுத்தளவு இருக்கறப்ப முழங்கால் எதுக்குன்னு அறுபத்தஞ்சு ஜூன்ல எடுத்துட்டேன். அதுக்குப் பெறவு படிச்சவங்களுக்கு இது இல்ல. அப்ப, ரெண்டே ரெண்டு செட்டு."

நான் அறுபத்துமூன்று ஜூனில் பதினோராம் வகுப்பில் உட்கார்ந்தவன். அது அவருக்கும் தெரியும்.

"அந்த ரெண்டு செட்டுல இப்பிடி ரெண்டு பக்கம் கோர்வையா எழுதற ஆளு நாலு பேருதான். ஒரு பையன் பெங்களூர்ல ஃபேக்டரியில இருக்கான். சவுரியப்பன் மிலிட்டரி. சகாயமேரியக் கட்டிக்குடுத்து ஓசூருக்குப் போயாச்சு." அதோடு நிறுத்திக்கொண்டார். நாலாவது பெயரைச் சொல்லவில்லை.

"நான் இல்லீங்க சார்" என்றேன்.

"நான் கேக்கவே இல்லீங்களே" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் என்ன அர்த்தம்? பழைய வரிசை எது, புதிய வரிசை எது என்று உலகத்திலேயே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளே வேண்டுமென்று பழைய வரிசையில் எழுதிவிட்டு இப்போது பழியை என் தலையில் கட்ட வந்திருக்கிறார். மெதுவாக, மரியாதையாக, நீங்க போட்டு. எழுதிக் கொடுத்ததைப் பற்றி மனதில் இருந்த கொஞ்ச நஞ்ச உறுத்தலும் அந்தக் கணத்தில் போய்விட்டது. அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூட வராந்தாவில் எதிரெதிரே வந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "இது உங்க கையெழுத்துதானே?" ஆமாம் என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

கடைசியாகக் கஸ்பார் சார் உள்ளே போனார். நான் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். உள்ளே என் பெயரைச் சொல்வார் என்று நிச்சயமாக நம்பினேன். திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது எனக்கு. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, மாமனாருக்கு என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் எட்டாம் வகுப்புக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் செய்யுளை ராகம் போட்டுச் சொல்லும் சத்தம் கேட்டது.

என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. கஸ்பார் சாருக்கு இரண்டு வருட இன்கிரிமெண்ட் நிறுத்தம், ஏரியூருக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றல். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடக்க வேண்டிய இடம். 'தாமே எழுதியதாக ஒப்புக்கொண்டுள்ளதால்' என்று உத்தரவில் இருந்தது. "பாத்தீங்களா, நான் அன்னிக்கே நெனச்சேன்" என்று ஸ்டாஃப் ரூமில் நான்தான் முதலில் சொன்னேன். சொல்லும்போது ஒரு நிம்மதி. என் கணக்குத் தப்பவில்லை என்ற நிம்மதி.

லாரியில் சாமான் ஏற்றிய அன்று நான் லீவு போட்டேன்.

மனுவுக்குப் பலனும் இருந்தது. ஸ்டோரைத் திறந்து எடை போட்டார்கள். அந்த வருடப் பரீட்சை முடிந்ததும் மாரப்பனையும் மாற்றினார்கள். உப்புமாவில் எண்ணெய் வந்தது, பால் பாலாக இருந்தது. பிள்ளைகளுக்கு யார் காரணம் என்று தெரியாது, சொல்லவும் யாரும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து என் மச்சினன் பதினோராம் வகுப்புக்கு வந்தான். புது இங்கிலீஷ் வாத்தியார் மரபுத்தொடரே நடத்துவதில்லை என்றான். என் பழைய நோட்டைத் தரலாம் என்று டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். கணக்கு நோட்டு இருந்தது, சயின்ஸ் நோட்டு இருந்தது, அது மட்டும் இல்லை. அடுப்படியிலிருந்த அம்மாவைக் கேட்டேன்.

"இங்கிலீசு நோட்டா? அதத்தான் நம்ம ஆக்கிப்போடற தீர்த்தம்மா மவளுக்குக் குடுத்தனே. பெயிலாயிட்டு மறுக்கா பரிச்சை எழுதப் போறேன்னு வந்து நின்னா. உனக்கெதுக்கு, வாத்தியாரே ஆயிட்டயே" என்றார் அம்மா.

எங்கள் ஊரில் நோட்டு என்றால் அப்படித்தான். ஒரு வீட்டில் எழுதியது நாலு வீடு சுற்றும். யார் எழுதினாரோ அவரிடமே இருக்கும் என்று நினைத்தது கஸ்பார் சார் செய்த தப்பு. அவர் வீட்டில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு எண் எழுதி வைத்திருப்பார். அந்தக் கணக்கில் எங்களையும் போட்டுவிட்டார்.

தீர்த்தம்மாள்தான் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறவர். அவர் மகள் பெரியம்மாள், அம்மாவுக்குக் கூடமாட வேலை செய்ய வந்துபோகும் பெண். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தீர்த்தம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தார். பெரியம்மாள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டைக் கேட்டதும் முறம் நின்றது.

"எரிச்சுட்டேனுங்க சார்" என்றாள்.

"எப்போ?"

"கஸ்பார் சாருக்கு மாத்தல் வந்த அன்னிக்கு." முறத்தைக் கீழே வைத்தாள். "டின்ன சாக்குல சுத்தி எங்கம்மா தலையிலதான் ஏத்தி உடுவாருங்க சார் அந்த ஹெட்மாஸ்டர். மாட்டுனா எங்கம்மாதான் மாட்டும். தமிழ்ல எழுதுனா எங்க வூட்டுப் பேச்சுன்னு கண்டுபுடிச்சிருவாங்கன்னு இங்கிலீசுல எழுதுனேன். நோட்டப் பாத்துப் பாத்து ஏழு நாளு எழுதுனேன். கஸ்பார் சாரு மேல போவும்னு எனக்குத் தெரியாதுங்க சார்." அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் போய் யாரிடம் சொல்லப் போகிறேன் என்று.

நாலு பேரில் ஒரு ஆள் என்று சார் கணக்குப் போட்டார். எஸ்.எஸ்.எல்.சி. பெயிலான ஒரு பெண் யார் கணக்கிலும் வரவில்லை, என் கணக்கிலும் வரவில்லை.

"சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீடு திரும்பும் வழியில் கணக்கைத் திரும்பப் போட்டேன். கஸ்பார் சார் எழுதவில்லை. எழுதாததை எழுதினேன் என்று ஏன் ஒப்புக்கொண்டார்? யோசித்தால் ஒரே ஒரு பதில்தான் வந்தது, அதை நான் யோசிக்க விரும்பவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பேன். பெரியம்மாள் பெயர் வெளியே வந்துவிடும் என்று மூடி வைப்பேன். அந்தப் பெண் அடுத்த வருடம் கல்யாணமாகித் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகும் நான் எழுதவில்லை.

எழுபத்தெட்டில் பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு ஒரு மாடு பார்க்கப் போனேன். கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள். திரும்பினால் மதலேனம்மாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பச்சியப்பன் சாருதானே? வாங்க, வூட்டுக்கு வாங்க. இங்கதான் வாடகைக்கு இருக்கறோம். ரிட்டயராயி ஒரு வருசம் ஆச்சு" என்று கையைப் பிடித்தே கூட்டிப்போனார்.

ஒற்றை அறை, ஒரு சமையல்கட்டு. கஸ்பார் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். கால் சரியில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அந்த நாலு மைல் நடை ஐந்து வருடம். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மதலேனம்மாள் சமையல்கட்டு வாசற்படியில் நின்றுகொண்டே பேசினார்.

"இவரு பொறந்ததுலருந்து ஒரே ஒரு காரியத்துல தலையக் குடுத்தாருங்க. அது உங்களுக்காவத்தான். அந்த ஆபீசரு, எந்தப் பையன் எழுதுனான்னு பேரச் சொல்லுங்க, உங்கள உட்டுர்றேன்னாராம். இவரு வூட்டுக்கு வந்து, நான்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்னாரு. எனக்கு ஒரு வாரம் கோவம் ஆறல. பெறவு நெனச்சேன், போவுது, புதுசாக் கல்யாணமான பையன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் சார். என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுனது நல்ல காரியம் சார். பிள்ளைங்க வயித்துல அடிச்சவனக் கேக்க அந்த ஊருல ஒரு ஆளு இருந்துது. நான் இருபது வருசம் அங்க இருந்தேன், எனக்கு அந்தத் தைரியம் வரல. என்கிட்டப் படிச்ச பையனுக்கு வந்துதுன்னு எனக்குப் பெருமைதான்."

நான் இல்லை, சார். மூன்றே சொல். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போதும். பெரியம்மாளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் என்னை அப்படிப் பார்த்ததை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மதலேனம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர் கையில் சுட்டது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல கெடக்குது சார்" என்றார் அவர். "நோட்டு வரிசையச் சொல்லி யாரோ நம்ம ஸ்டாஃபே எம்மேல எழுதிக் குடுத்திருக்காங்க. ஆபீசரு படிச்சுக் காட்டுனாரு, கீழ இருந்த பேர மட்டும் கையால மறைச்சுக்கிட்டாரு. ஏழு வருசமா ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாக்கறேன். தப்பா யாரயும் நெனக்கக் கூடாதுன்னு பாக்கறேன், முடியல. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்" என்றேன்.

அவர் நம்பினார்.